வாக்களிக்காத டோரதி, வாக்குக்காக அடிபட்ட ஃபேனி

2015 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடியிருந்த கூட்டத்தில் போப் பிரான்சிஸ் பேசினார். போப் ஒருவர் அங்கே பேசியது அதுதான் முதல் முறை. அந்த நாட்டின் சிறந்த மனிதர்கள் என்று நான்கு பேரை அவர் எடுத்துக்காட்டினார்: ஆபிரகாம் லிங்கன், மார்ட்டின் லூதர் கிங், டோரதி டே, தாமஸ் மெர்ட்டன். கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினர்கள் எல்லோரும் தேர்தலில் வென்று வந்தவர்கள். போப் சொன்ன மூன்றாவது பெயருக்குரியவரோ வாழ்நாளில் ஒரு தேர்தலிலும் வாக்களிக்காதவர்.

சோம்பலால் வாக்களிக்காமல் விட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. 1917 நவம்பரில், இருபது வயதில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை முன்பு பதாகையோடு நின்று கைதானவர் டோரதி. வர்ஜீனியாவிலிருந்த ஆக்கோகுவான் சிறைக்கூடத்தில் மற்றப் பெண்களோடு சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார். காவலர்கள் அங்கே பெண்களை நடத்திய விதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1920இல் அரசமைப்பின் 19ஆவது திருத்தம் வந்தது, பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அந்த உரிமையைத் தான் பயன்படுத்தியதே இல்லை என்று பிற்பாடு தன் சுயசரிதையில் அவரே எழுதினார். வருத்தப்பட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

கிறிஸ்தவர்களிடையே தேர்தல் அரசியல் மீது, இன்னும் சரியாகச் சொன்னால் ஆட்சியதிகாரத்தின் மீது, நெடுங்காலமாக ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வேதத்திலேயே வேர் உண்டு. தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று இஸ்ரவேலர் அடம்பிடித்தபோது, அந்த ராஜா உங்கள் பிள்ளைகளைப் படைக்கு எடுத்துக்கொள்வான், பெண்களைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் தீர்க்கதரிசி எச்சரிக்கிறார். ஜனங்கள் காது கொடுக்கவில்லை. நற்செய்தியிலோ, உபவாசமிருந்த இயேசுவுக்கு உலகத்து ராஜ்யங்களையெல்லாம் காட்டி, என்னைப் பணிந்தால் இவை உனக்கு என்று சாத்தான் ஆசைகாட்டுகிறான். இவை உன்னுடையவை இல்லையே என்று இயேசு அவனிடம் சொல்லவில்லை என்பதை இந்தச் சந்தேகக்காரர்கள் தவறாமல் சுட்டிக்காட்டுவார்கள்.

1527இல் சுவிட்சர்லாந்து எல்லையோரம் ஷ்லைத்தைம் என்ற ஊரில் கூடிய அனபாப்டிஸ்டுகள், கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவன் வாளேந்தக் கூடாது, நீதிபதியாகவோ அதிகாரியாகவோ இருக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். அதை முன்நின்று எழுதியவராகக் கருதப்படும் மைக்கேல் ஸாட்லரைச் சில மாதங்களிலேயே நாக்கை அறுத்து எரித்துக் கொன்றது அரசு. கொன்றது கிறிஸ்தவ அரசுதான். மெனோனைட்டுகளும் ஆமிஷ் மக்களும் அந்த மரபில் வந்தவர்கள்.

அமெரிக்காவில் அந்தச் சந்தேகத்தை உரக்கச் சொன்னவர் வில்லியம் லாயிட் கேரிசன். அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணிப் பத்திரிகையாளர். 1838இல் பாஸ்டனில் அவரும் நண்பர்களும் வெளியிட்ட பிரகடனம், பதவி ஏற்கமாட்டோம், பிறரைப் பதவியில் ஏற்ற வாக்களிக்கவும்மாட்டோம் என்றது. டால்ஸ்டாய் தன் 'கடவுளின் ராஜ்யம் உனக்குள் இருக்கிறது' நூலின் தொடக்கத்திலேயே இந்தப் பிரகடனத்தை எடுத்துவைத்தார். தென்னாப்பிரிக்காவில் இளம் வழக்கறிஞராக இருந்த காந்தியை அந்த நூல் ஆட்கொண்டது. பாஸ்டனில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவப் பிடிவாதம் இப்படி ரஷ்யா வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது.

அமெரிக்க அரசமைப்பு அடிமைமுறையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்பது கேரிசனின் வாதம். 1854 ஜூலை 4 அன்று அதன் பிரதி ஒன்றைப் பொதுக்கூட்டத்திலேயே கொளுத்தினார். ஆனால் அவர் கண்டெடுத்து மேடையேற்றிய ஃபிரெட்ரிக் டக்ளஸ், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவரிடமிருந்து பிரிந்திருந்தார். அரசமைப்பையும் வாக்கையும் அடிமைமுறைக்கு எதிராகப் பயன்படுத்தலாம், பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றார் டக்ளஸ். கேரிசன் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். டக்ளஸ் முதுகில் சாட்டைத் தழும்புகளோடு தப்பி வந்தவர். வாக்கு வேண்டாம் என்றவர் யார், வேண்டும் என்றவர் யார் என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நூறாண்டு கழித்து இதே பிரிவினை இன்னொரு உருவில் வரும்.

டோரதியிடம் திரும்புவோம். 1927 இறுதியில் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்ற அவர், பீட்டர் மோரின் என்ற பிரெஞ்சுக் குடியானவரோடு சேர்ந்து 1933 மே தினத்தன்று நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் 'கத்தோலிக் வொர்க்கர்' இதழை விற்கத் தொடங்கினார். விலை ஒரு சென்ட். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த காலம். வேலையில்லாதவர்கள் வந்து கதவைத் தட்ட, பத்திரிகை அலுவலகமே சூப்பும் ரொட்டியும் தரும் இடமாகிவிட்டது. பசித்தவனுக்கு உணவு, தாகமாயிருப்பவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்குத் தங்க இடம் என்று மத்தேயு நற்செய்தி அடுக்கும் காரியங்களை ஒரு கமிட்டியிடமும் கேட்காமல் உடனே, நேரில், சொந்தக் கையால் செய்வதுதான் அவர்களுடைய அரசியல். இப்படி உருவான விருந்தோம்பல் இல்லங்கள் இன்றும் நூற்றுக்கு மேல் இயங்குகின்றன. இதழ் இன்றும் ஒரு சென்ட்தான்.

வாக்குச்சீட்டு மீது டோரதிக்கு இருந்த அவநம்பிக்கைக்குப் போர் ஒரு பெரிய காரணம். இரண்டாம் உலகப் போரின்போது அவர் எந்தப் பக்கமும் சாயாமல் போரையே எதிர்த்தார். இரண்டு பெரிய கட்சிகளும் போருக்கு ஆதரவு என்றால் எதிர்ப்பவர் யாருக்குக் குத்துவது? அந்த நிலைப்பாட்டுக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் போய்க்கொண்டிருந்த இதழ், போர் முடியும்போது ஐம்பதாயிரம் அளவுக்குச் சுருங்கியது. சொந்த இயக்கத்து இல்லங்களே சில மூடப்பட்டன.

அரசோடு அவருக்கிருந்த கணக்கு வழக்கே தனி. 1960இல், சுரங்க ரயிலுக்காக இயக்கத்தின் கட்டடத்தை எடுத்துக்கொண்ட நியூயார்க் நகராட்சி, இழப்பீட்டுத் தொகையோடு வட்டியையும் சேர்த்துக் கொடுத்தது. வட்டி வாங்குவது திருச்சபையின் பழைய போதனைப்படி பாவம் என்று 3,579 டாலர் 39 சென்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1972இல் வருமான வரித்துறை அவரிடம் கிட்டத்தட்ட மூன்று லட்சம் டாலர் வரி பாக்கி கேட்டது. அரசிடம் பதிவுசெய்து வரிவிலக்கு பெறவும் அவர் மறுத்திருந்தார். இரக்கச் செயல்கள் செய்ய அரசின் அனுமதி எதற்கு என்பது அவர் கேள்வி. பத்திரிகைகளில் விஷயம் வெளிவந்ததும் வரித்துறை பேசாமல் பின்வாங்கிக்கொண்டது.

வாக்களிக்காதவரால் எதையும் மாற்ற முடியாது என்பவர்களுக்கு டோரதி ஒரு சங்கடம். 1950களில் அணுகுண்டுத் தாக்குதலுக்கு ஒத்திகை என்று சைரன் ஊதியதும் எல்லோரும் நிலவறைகளில் ஒளிய வேண்டும் என்பது நியூயார்க்கில் சட்டம். நிலவறையில் ஒளிந்தால் அணுகுண்டிலிருந்து தப்பலாம் என்ற பொய்க்கு உடந்தையாக மாட்டோம் என்று 1955 ஜூன் 15 அன்று டோரதியும் முப்பதுக்கும் குறைவான சிலரும் மாநகராட்சி மன்றத்துக்கு எதிரிலிருந்த பூங்காவில் உட்கார்ந்துகொண்டார்கள். கைது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். ஒருமுறை முப்பது நாள் சிறை. ஆண்டுக்காண்டு கூட்டம் பெருகி, 1960இல் கைக்குழந்தைகளோடு தாய்மார்களும் வந்து நின்றார்கள். 1961க்குப் பிறகு அந்த ஒத்திகையையே கைவிட்டார்கள். இதில் தேர்தலுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

இந்த உதாரணத்தோடு நிறுத்திக்கொண்டால் டோரதியின் கட்சி ஜெயித்ததாகிவிடும். ஆனால் அவர் கடைசியாகச் சிறை சென்ற கதை வேறு மாதிரி முடிந்தது. 1973 ஆகஸ்டில், 75 வயதில், கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடு மறியலில் உட்கார்ந்து கைதாகி இரு வாரம் உள்ளே இருந்தார். சாவேஸும் கத்தோலிக்கர். குவாடலூப்பே மாதா படம் வரைந்த கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனவர். திராட்சைப் புறக்கணிப்பு, நோன்பு, நடைபயணம் எல்லாவற்றிலும் இந்தத் தொழிலாளர்களின் வலிமை தெரிந்தது. ஆனாலும் சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்த 1935ஆம் ஆண்டு தேசியச் சட்டம் விவசாயக் கூலிகளை வெளியே நிறுத்தியிருந்ததால், பெற்ற ஒப்பந்தங்கள் கைநழுவிக்கொண்டே இருந்தன. 1974 நவம்பரில் கலிஃபோர்னிய ஆளுநர் தேர்தலில் ஜெர்ரி பிரவுன் வென்றார். 1975 ஜூனில் விவசாயத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வயலில் வேலை செய்தவர்களுக்குத் தங்கள் சங்கத்தை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. மறியல் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது. பிரவுனுக்கு யாரோ வாக்களிக்காமலும் வந்திருக்காது. டோரதி சிறையில் இருந்த நாள்களின் பலன், டோரதி நம்பாத ஒரு வழியாகத்தான் அந்தக் கூலிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

தேர்தலைப் பற்றி இன்னொரு வகைச் சந்தேகமும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம் உண்டு. அது அதிகாரத்தைச் சுவைத்த பிறகு வருவது. 1965 மார்ச் 21, செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் நடைபயணம் புறப்பட்ட அதே நாளில், வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். போதகரின் வேலை ஆத்துமாக்களைச் சேர்ப்பது, ஊர்வலம் போவதல்ல என்பது அதன் சாரம். அதே ஃபால்வெல் 1979இல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கி, அடுத்த ஆண்டு ரொனால்ட் ரீகனுக்காக லட்சக்கணக்கான விசுவாசிகளை வாக்குச்சாவடிக்கு அனுப்பினார். பழைய பிரசங்கம் தவறு என்று பிற்பாடு சொல்லிவிட்டார். கறுப்பர்கள் நடந்தபோது அரசியல் அசுத்தமாக இருந்தது, பதினான்கு ஆண்டில் அது சுத்தமாகிவிட்டது.

அந்த அமைப்புக்குப் பெயர் சூட்டியவர் என்று சொல்லப்படும் பால் வெய்ரிச், 1999 பிப்ரவரியில் ஜனாதிபதி கிளின்டன் செனட்டின் பதவிநீக்க விசாரணையில் விடுதலையான சில நாள்களில், ஆதரவாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். போதுமான எண்ணிக்கையில் நம் ஆட்களை ஜெயிக்கவைத்தால் நாட்டின் பண்பாடு மாறும் என்று நினைத்தோம், ஜெயிக்கவைத்தோம், பண்பாடு மாறவில்லை, இனி ஒதுங்கி நம் பள்ளிகளையும் நம் அமைப்புகளையும் கட்டுவோம் என்றார். அதே ஆண்டு ஃபால்வெல்லின் பழைய தளபதிகள் இருவர், கேல் தாமஸும் எட் டாப்சனும், அதிகாரம் தங்கள் கண்ணை மறைத்துவிட்டது என்று புத்தகமே போட்டார்கள். ஏழு ஆண்டு கழித்து, புஷ் காலத்து வெள்ளை மாளிகையில் மத அமைப்புகளுக்கான அலுவலகத்தில் வேலை பார்த்த டேவிட் குவோ, கிறிஸ்தவர்கள் கொஞ்ச காலம் அரசியலிலிருந்து உபவாசம் இருக்கலாம் என்று எழுதினார். எழுதினார்களே தவிர உபவாசம் யாரும் இருக்கவில்லை. 2016 தேர்தலில் வெள்ளை இன எவாஞ்சலிக்கல்களில் ஐந்தில் நான்கு பேர் டிரம்புக்கு வாக்களித்தார்கள்.

சிலர் உண்மையிலேயே விலகினார்கள். மின்னசோட்டாவில் கிரெக் பாய்ட் என்ற போதகர் 2004 தேர்தல் நேரத்தில், சிலுவையையும் வாளையும் குழப்பாதீர்கள், இந்தச் சபை எந்த வேட்பாளரையும் ஆதரிக்காது என்று தொடர் பிரசங்கம் செய்தார். ஐயாயிரம் பேர் வந்துகொண்டிருந்த சபையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வெளியேறினார்கள். அவர் தேவனின் மகிமைக்கு எதிராகப் பேசியதாக யாரும் சொல்லவில்லை. கட்சிக்கு எதிராகப் பேசினார், அது போதுமாயிருந்தது.

வெய்ரிச்சின் கடிதத்தை வைத்து, தேர்தலால் எதுவும் நடக்காது என்று முடிவு கட்டிவிட முடியாது. அவர் 2008இல் இறந்தார். இன்னும் பதினான்கு ஆண்டு இருந்திருந்தால், 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்ததைப் பார்த்திருப்பார். அரை நூற்றாண்டுத் தேர்தல் உழைப்பின் பலன் அது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்து, அவர் மூலம் நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கிய வெற்றி. ஆக, தேர்தல் வேலை செய்கிறது. எதற்கு வேலை செய்கிறது, எதற்குச் செய்வதில்லை என்பதுதான் கேள்வி. தீர்ப்பு வந்து ஆறே வாரத்தில், குடியரசுக் கட்சியின் கோட்டையான கன்சாஸில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பிலிருந்து நீக்கும் யோசனையை மக்கள் வாக்கெடுப்பில் பெருவாரியாகத் தோற்கடித்தார்கள். 2023இல் நாடு முழுவதும் நடந்த கருக்கலைப்புகள் பத்து லட்சத்தைத் தாண்டின. பத்தாண்டுகளில் அதுவே அதிகம். சட்டப் புத்தகத்தில் ஜெயித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் மனத்தில் ஜெயிக்கவில்லை.

இதற்கிடையே கோயில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டிருந்தன. ஏதாவது ஒரு சபையில் உறுப்பினர் என்று சொன்ன அமெரிக்கர்கள் 1999இல் 70 சதவீதம் என்றது கேலப் நிறுவனம். 2020இல் 47 சதவீதம். பாதிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் தடவை. எந்த மதமும் இல்லை என்பவர்களின் பங்கு 1990களிலேயே 7இலிருந்து 14 சதவீதமாக இரட்டித்ததை ஆராய்ந்த மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர்கள், மதம் வலதுசாரி அரசியலோடு ஒட்டிக்கொண்டதே இதற்கு ஒரு காரணம் என்று 2002இல் எழுதினார்கள். நம்பிக்கை இழந்து வெளியேறியவர்களைவிட, அந்தக் கட்சியோடு தங்களைச் சேர்த்து எண்ணிவிடுவார்களே என்று வெளியேறியவர்களைத்தான் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். தெற்கத்திய பாப்டிஸ்ட் சபையின் முக்கியப் பொறுப்பில் இருந்து விலகிய ரஸ்ஸல் மூர் 2023இல் ஒரு பேட்டியில் சொன்னது இன்னும் உறைக்கிறது. மலைப்பிரசங்கத்திலிருந்து ஒரு வசனத்தைச் சொன்னதும், இந்த இடதுசாரிப் பேச்சை எங்கே பிடித்தீர்கள் என்று சபையார் கேட்டதாகப் பல போதகர்கள் அவரிடம் சொன்னார்களாம். அது இயேசு சொன்னது என்று விளக்கியபோது மன்னிப்பும் கேட்கவில்லை, இந்தக் காலத்துக்கு அது உதவாது என்றார்களாம்.

இவர்களோடு டோரதியை ஒரே தட்டில் வைக்க முடியாது. வெய்ரிச்சின் சந்தேகம் கணக்குப் பார்த்து வந்தது, போட்ட முதலுக்கு வரவு இல்லை என்ற சலிப்பு. டோரதி போட்டதே வேறு. அவருடைய சந்தேகத்துக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு சூப்புப் பாத்திரங்களும் சிறை அறைகளும் இருக்கின்றன. அதனால்தான் அவரோடு முரண்படும்போது கொஞ்சம் தயங்க வேண்டியிருக்கிறது. முரண்படவும் வேண்டியிருக்கிறது.

ரூஸ்வெல்ட் ஆட்சி 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோருக்குக் காப்பீடு. ஏழைகளின் பெரும் வெற்றி என்று பலரும் கொண்டாடிய அந்தச் சட்டத்தை, கிறிஸ்தவத்துக்குப் பெரும் தோல்வி என்று 1945இல் டோரதி எழுதினார். குடும்பமும் பங்குக் கோயிலும் முதலாளியும் தங்கள் கடமையைச் செய்திருந்தால் அரசு வலுக்கட்டாயமாகப் பிடித்துக் கொடுக்க வேண்டி வந்திருக்காது என்பது அவர் வாதம். ஆபத்துக்கு அரசு கைகொடுக்கலாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார், அதைக் கொண்டாடத்தான் மறுத்தார். குற்றச்சாட்டு சரி. ஆனால் மற்றவர்கள் கடமையைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியவர் டோரதி இல்லை, சூப்புக்கு வரிசையில் நிற்கும் கிழவி. மாதம் தவறாமல் தபாலில் வரும் காசோலையை அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வாங்கிக்கொள்ளலாம். கையால் கொடுக்கும் அன்புக்கு இருக்கும் அழகு அதில் இல்லைதான். வாங்கும் கைக்குக் கூச்சமும் இல்லை.

அந்தச் சட்டத்தின் உண்மையான கோளாறு டோரதி சொன்ன இடத்தில் இல்லை. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் அது சேர்த்துக்கொள்ளவில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களில் பெரும்பாலோர் செய்த வேலைகள் அவை. நாடாளுமன்றக் குழுக்களில் கோலோச்சிய தெற்கத்திய உறுப்பினர்களை எதிர்த்து எதுவும் நிறைவேறாத காலம் அது. அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? மிசிசிப்பியில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பர்கள், வாக்களித்தவர்களோ அனேகமாக வெள்ளையர்கள் மட்டும். வாக்கு இல்லாதவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லாமல் போயிற்று.

அந்த மிசிசிப்பியில், பருத்திக் குத்தகைக் குடும்பம் ஒன்றில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்து, சன்ஃபிளவர் மாவட்டத்தில் வளர்ந்தவர் ஃபேனி லூ ஹேமர். ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கியவர். செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்து குடிமையுரிமை மசோதாக்களை முடக்கிய ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பெரும் பருத்திப் பண்ணையும் அதே மாவட்டத்தில்தான். கறுப்பர்கள் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பதே 44 வயதுவரை ஹேமருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டது ஒரு கோயிலில். 1962 ஆகஸ்டில் ரூல்வில் என்ற ஊரின் பாப்டிஸ்ட் சபையில், கிங்கின் சகாவான ஜேம்ஸ் பெவல், வானத்தைப் பார்த்து மழை வருமா என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குக் காலத்தின் அடையாளம் தெரியவில்லையே என்று இயேசு கடிந்துகொண்ட இடத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார். கூட்டம் முடிவதற்குள் ஹேமர் கையைத் தூக்கிவிட்டார்.

ஆகஸ்ட் 31 அன்று ஒரு பழைய பேருந்தில் 17 பேரோடு இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார். மாநில அரசமைப்பில் ஒரு பிரிவை எழுதிக்காட்டி விளக்கச் சொன்னார்கள். தேர்வில் தோற்கடித்தார்கள். திரும்பும் வழியில் பேருந்தை நிறுத்தி, வண்டியின் மஞ்சள் நிறம் தவறு என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். வீடு வந்து சேரும்போது பண்ணை முதலாளி காத்திருந்தார்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு. 18 ஆண்டு வேலை செய்த இடத்தைவிட்டு அன்றிரவே ஹேமர் வெளியேறினார். சில நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் 16 தோட்டாக்கள் பாய்ந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் வினோனா சிறையில், காவலர்கள் கறுப்பினக் கைதிகளையே ஏவிவிட்டு அவரை அடிக்கவைத்தார்கள். அந்த அடியின் பாதிப்பு கடைசிவரை உடம்பில் இருந்தது.

இந்தப் பெண்ணிடம் போய், இயேசுவின் வழியில் வாக்குச்சாவடி இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வாக்கை வேண்டாம் என்று துறப்பதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டும்.

ஆனால் ஹேமர் தேர்தலை அப்படியே நம்பிவிட்டவரும் இல்லை. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், வெள்ளையர் மட்டுமே இடம்பெற்ற மிசிசிப்பிக் குழுவுக்குப் பதிலாகத் தங்கள் குழுவை ஏற்கக் கோரி அவர் சாட்சியம் சொன்னார். தொலைக்காட்சியில் அது போய்க்கொண்டிருக்கும்போதே, கேமராக்களைத் திருப்புவதற்காக ஜனாதிபதி ஜான்சன் அவசரமாக ஒரு பத்திரிகையாளர் சந்திப்பைக் கூட்டினார். கடைசியில் இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். ஏற்றுக்கொள்ளச் சொன்னவர்களில் அவர் பக்கத்துப் பெரியவர்களும் இருந்தார்கள். அதை வாங்கிக்கொள்வதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஹேமர் மறுத்துவிட்டார். தேர்தல் கட்சி என்றால் என்ன என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1965 வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் பதிவான கறுப்பின வாக்காளர் 7 சதவீதத்துக்கும் கீழே இருந்து, இரண்டே ஆண்டில் 60 சதவீதத்தை எட்டினார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் பருத்தி பறிக்க இயந்திரம் வந்துவிட்டது, கூலி வேலை போயிற்று. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தது, அடுப்பில் எதுவும் இல்லை. 1969இல் ஹேமர் 40 ஏக்கர் வாங்கி 'ஃபிரீடம் ஃபார்ம்' என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். பின்னர் இன்னும் சில நூறு ஏக்கர் சேர்ந்தது. பன்றி வங்கி ஒன்றும் வைத்தார்கள். சினைப் பன்றியை ஒரு குடும்பம் வாங்கிப்போகும், குட்டிகள் போட்டதும் இரண்டைத் திருப்பித் தரும், மீதி அந்தக் குடும்பத்துக்கு. டோரதியும் பீட்டர் மோரினும் கனவு கண்ட விவசாயச் சமூகம் ஏறக்குறைய இதுதான். அவர்களுடைய பண்ணைகள் பெரும்பாலும் சோபிக்கவில்லை. ஹேமரின் பண்ணையும் வெள்ளத்திலும் வறட்சியிலும் கடனிலும் அடிபட்டு 1970களின் நடுவில் மூடப்பட்டது. ஆனால் அதை நடத்திக்கொண்டிருந்தபோதே, 1971இல், மாநில செனட்டுக்குப் போட்டியிட்டார். தோற்றார். பண்ணையா வாக்கா என்ற கேள்வி அவருக்கு எழுந்ததாகவே தெரியவில்லை. வாக்குக் கேட்டவர்களைப் பண்ணையிலிருந்து விரட்டிய ஊரில், தன் சொந்த நிலத்தில் காய்கறி போடுகிறவர்தான் பயமில்லாமல் வாக்களிக்க முடியும் என்பதை அவர் பட்டு உணர்ந்திருந்தார்.

கிறிஸ்தவச் சந்தேகத்தின் சரியான அளவு எனக்கு ஹேமரிடம்தான் தெரிகிறது. அவர் யாரையும் மீட்பராக நினைக்கவில்லை, ஜான்சனை நினைக்கவில்லை, கட்சியை நினைக்கவில்லை. அதே நேரம் கையில் கிடைத்த கருவியைத் தூரப் போடவும் இல்லை. தேர்தலில் இறையாட்சி வரும் என்று நினைத்த ஃபால்வெல்லின் கூட்டம் ஏமாந்தது. தேர்தலில் வர முடிந்தது ஓய்வூதியம், சங்க உரிமை, நீதிமன்ற வாசலில் அடிபடாமல் நுழையும் உரிமை. இவை சின்ன விஷயங்கள் என்பவர் இவை ஏற்கெனவே தன்னிடம் இருப்பவராகத்தான் இருப்பார்.

வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பல்லை 2013இல் உச்ச நீதிமன்றம் பிடுங்கிவிட்டது. பழைய தெற்கு மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு செயலிழந்தது. 2021 ஜனவரியில் ஜார்ஜியாவிலிருந்து, ஒரு காலத்தில் கிங் ஊழியம் செய்த எபனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ரஃபேல் வார்னாக் செனட்டுக்குத் தேர்வானார். சில வாரங்களிலேயே அந்த மாநிலச் சட்டமன்றத்தில் தேர்தல் விதிகளை இறுக்கும் மசோதாக்கள் வரிசைகட்டின. அவற்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டிய வாக்குப்பதிவைச் சுருக்கப் பார்த்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் பேருந்தில் ஒன்றாகக் கிளம்பி வாக்களிக்கப் போவது கறுப்பினச் சபைகளின் வழக்கம். சபைகள் எதிர்த்து நின்றதில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

இறுதியாக நிறைவேறிய சட்டத்தில் வேறொரு பிரிவு நிலைத்தது. வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு உணவோ தண்ணீரோ யாரும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தண்டனை. தானாக எடுத்துக் குடிக்கும்படி தேர்தல் அதிகாரிகள் ஒரு பாத்திரத்தில் வேண்டுமானால் வைக்கலாம், கையால் கொடுக்கத்தான் கூடாது. ஜார்ஜியாவில் கறுப்பர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் மணிக்கணக்கில் வரிசை நீள்வது வாடிக்கை. டோரதி இன்று இருந்திருந்தால் அந்த வரிசைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கைதாகியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே வரிசையில் தானும் நின்றிருப்பாரா என்பதில்தான் சந்தேகம்.